சம்பளம் இல்லை, கிரெடிட் உண்டு: அப்போதும் அனுமதி வேண்டுமா?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் ஜே.டி. (அங்கே வழக்கறிஞராவதற்கான அடிப்படைச் சட்டப் பட்டம்) முதலாண்டு படிக்கும் மாணவி ஒருவரை, ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகம் கோடையில் 10 வாரம் வரச் சொல்லியிருக்கிறது. சம்பளம் கிடையாது. "கல்லூரியில் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) வாங்கிக்கொள், வேறு அனுமதி எதுவும் தேவையில்லை" என்று அங்கே சொன்னார்களாம். அது சரியா, எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் பட்டம் படிக்கும் தோழிக்கும் அதே வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்.

சரியில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, வேறொரு சட்டத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். நானும் எஃப்-1இல் வந்து படித்தவள்தான். அதன்பின் ஒரு சட்டக் கல்லூரியின் எக்ஸ்டர்ன்ஷிப் (கிரெடிட்டுக்காக வெளியிடத்தில் எடுக்கும் பயிற்சி) அலுவலகத்தில் சில வருடம் இந்தக் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வந்த குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்கும். கிரெடிட் என்ற ஒரே சொல் மூன்று வீட்டில் மூன்று வேலை பார்க்கிறது. ஒரு வீட்டில் கேட்ட பதிலை இன்னொரு வீட்டில் போய்ச் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

முதல் வீடு, கூலிச் சட்டம். லாபத்துக்காக நடக்கும் ஒரு நிறுவனம் ஒருவரைச் சம்பளம் இல்லாமல் வேலை வாங்கலாமா என்பது அங்கே கேள்வி. ஒரு திரைப்பட நிறுவனத்தின் பயிற்சியாளர்கள் போட்ட வழக்கில், 2015இல் நியூயார்க்கில் உள்ள இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏழு அம்சங்களை வைத்து ஒரு அளவுகோல் சொன்னது: இந்த ஏற்பாட்டில் யாருக்கு ஆதாயம் அதிகம், பயிற்சி பெறுபவருக்கா, நிறுவனத்துக்கா? 2018 ஜனவரியில் மத்திய தொழிலாளர் துறையும் அதையே எடுத்துக்கொண்டது. அந்த ஏழில் ஒன்று, பயிற்சி மாணவரின் படிப்போடு சேர்ந்ததா, அதற்குக் கிரெடிட் கிடைக்கிறதா என்பது. உங்கள் அலுவலகத்தில் யாரோ இதைத்தான் அரைகுறையாக நினைவில் வைத்திருக்கிறார்கள். கிரெடிட் இருந்தால் நாளைக்கு நீங்கள் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது என்பது அவர்கள் கணக்கு. அது அவர்களுடைய பாதுகாப்பு. உங்களுடையது இல்லை. (அந்தக் கணக்கும் முழுசாகச் சரியில்லை. 2013இல் தொழிலாளர் துறை அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில், தனியார் அலுவலகங்கள் சட்ட மாணவர்களைச் சம்பளம் இல்லாமல் வைத்துக்கொள்வதைக் கட்டணம் வராத இலவச வழக்குகளோடு நிறுத்திக்கொண்டது. பில் போடும் வழக்குகளில் உங்களை உட்கார வைத்தால் அவர்களுக்கே சிக்கல்.)

இரண்டாவது வீடு, சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம். ஏபிஏ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஒவ்வொரு ஜே.டி. மாணவரும் குறைந்தது ஆறு கிரெடிட் அளவுக்குச் செய்முறைப் படிப்பு முடிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. கிளினிக் என்ற கல்லூரிச் சட்ட உதவி மையம், பாவனை வகுப்பு, வெளியிடப் பயிற்சி எல்லாம் அதில் சேரும். ஒரு கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 42.5 மணி நேர உழைப்பு என்று கல்லூரிகள் கணக்கு வைத்திருக்கின்றன. ஒரு காலத்தில், கிரெடிட் வாங்கும் எக்ஸ்டர்ன்ஷிப்புக்குச் சம்பளமும் வாங்கக் கூடாது என்று ஏபிஏ தடை வைத்திருந்தது. 2016இல்தான் அது போனது. ஆனாலும் சில கல்லூரிகள் அந்தத் தடையைத் தங்கள் சொந்த விதியாக இன்றும் வைத்திருக்கின்றன. அதனால் "சம்பளமும் கிரெடிட்டும் சேர்ந்து வாங்கலாமா" என்பதை உங்கள் கல்லூரியில் தனியாகக் கேட்க வேண்டும். பக்கத்து ஊர்க் கல்லூரியில் படிக்கும் சீனியர் சொன்னது செல்லாது.

மூன்றாவது வீடுதான் குடிவரவு. நம் கவலை முழுக்க இங்கேதான்.

எஃப்-1 மாணவர் படிக்கும்போதே கல்லூரிக்கு வெளியே வேலை பார்க்க இருக்கும் முக்கிய வழி சிபிடி. பாடத்திட்டத்தின் பகுதியாக நடக்கும் நடைமுறைப் பயிற்சி. விதி என்ன சொல்கிறதென்றால், அந்தப் பயிற்சி நிலைபெற்ற ஒரு பாடத்திட்டத்தின் பிரிக்க முடியாத அங்கமாக இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்தியில் கிரெடிட் என்ற சொல்லே கிடையாது! பாடத்திட்டத்தின் அங்கம் என்று எதை வைத்துக் காட்டுவது? பட்டம் வாங்க அந்தப் பயிற்சி கட்டாயம் என்றால் அதுவே சான்று. கட்டாயம் இல்லையென்றால், அதற்கென்று ஒரு பாடம் இருக்கிறது, அதில் பதிவு செய்து கிரெடிட் வாங்குகிறார் என்று காட்டலாம். ஜே.டி. படிப்பில் கோடை வேலை கட்டாயம் இல்லை என்பதால் சட்டக் கல்லூரிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியில்தான் போகின்றன. அதாவது கிரெடிட் ஒரு சான்று. அனுமதி வேறு.

அனுமதி எது? உங்கள் ஐ-20 படிவம், அதாவது எஃப்-1 மாணவர் என்பதற்குக் கல்லூரி தரும் சான்று. கல்லூரியில் டி.எஸ்.ஓ. என்று ஒருவர் இருப்பார், வெளிநாட்டு மாணவர் ஆவணங்களில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர். அவர் செவிஸ் என்ற அரசுக் கணினித் தொகுப்பில் உங்கள் சிபிடியைப் பதிந்து, புதிய ஐ-20 எடுத்துத் தருவார். அதன் இரண்டாம் பக்கத்தில் வேலை கொடுப்பவர் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், முழு நேரமா பகுதி நேரமா எல்லாம் இருக்கும். அந்தத் தாள் கைக்கு வந்து, அதில் போட்டிருக்கும் தொடக்க நாளும் வந்த பிறகுதான் நீங்கள் அந்த அலுவலகத்தில் மேசை போட்டு உட்காரலாம். யுஎஸ்சிஐஎஸ் என்ற குடிவரவுத் துறைக்கு விண்ணப்பம் கிடையாது, அரசுக் கட்டணம் கிடையாது, தனி அட்டையும் கிடையாது. முன்தேதியிட்டு வாங்க முடியாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பாடத்தில் பதிவு செய்துவிட்டேன், பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார், டி.எஸ்.ஓ. "ஆகிவிடும்" என்றார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

இனி, "சம்பளமே இல்லையே, அது எப்படி வேலையாகும்?" என்ற கேள்வி. தொண்டு நிறுவனத்தில், சம்பளத்துக்கு யாருமே வைக்கப்படாத ஒரு காரியத்தை, பிரதிபலன் எதுவும் வாங்காமல் செய்வது தன்னார்வத் தொண்டு. அதற்கு அனுமதி தேவையில்லை. ஒரு தனியார் வழக்கறிஞர் அலுவலகத்தில் வாரம் 40 மணி நேரம் ஆய்வுக் குறிப்பு எழுதுவதை அப்படிச் சொல்லிவிட முடியாது. அதே வேலையைச் சம்பளத்துக்குப் பார்க்கும் இன்னொரு மாணவர் பக்கத்து நாற்காலியிலேயே இருப்பார். அப்புறம், பிரதிபலன் என்றால் சம்பளக் காசோலை மட்டும் இல்லை. பொதுநலப் பணிக்காகச் சட்டக் கல்லூரியே கோடையில் ஒரு உதவித்தொகை கொடுக்கும். வேலை ஓரிடம், பணம் வேறிடம் என்றாலும் அது நீங்கள் பார்த்த வேலைக்கு வந்த பணம்தான். இதற்குச் சிபிடி இல்லாமல் கைநீட்டக் கூடாது. நீதிபதியின் அலுவலகத்தில் சம்பளமில்லாப் பயிற்சிக்குச் சில கல்லூரிகள் சிபிடி கேட்கும், சில கேட்காது. நான் யாருக்கும் "வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் சொல்வேன். இருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

நம் ஊரில் சட்டம் படித்துவிட்டு வருபவர்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடாது. அங்கே பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிப்படி மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். விடுமுறை விட்டதும் தெரிந்த சீனியர் அட்வகேட் அலுவலகத்துக்குப் போய் "சார், வரலாமா" என்று கேட்டால் முடிந்தது. மறுநாள் உயர் நீதிமன்ற வராந்தாவில் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் "சும்மா இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதன் விலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் எஃப்-1 நிலை முறிந்தது என்று பொருள். மற்றச் சில தவறுகளுக்கு நிலையை மீட்டுத்தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அனுமதியற்ற வேலை பார்த்தவருக்கு அந்தக் கதவு அடைத்திருக்கும் என்று விதியிலேயே இருக்கிறது. பொறியியல் மாணவர்களுக்கும் இதே விதிதான், ஆனால் சட்ட மாணவர்களுக்கு மேலே இன்னொரு வலை உண்டு. பட்டம் முடித்து பார் சேர்க்கைக்கு, அதாவது வழக்கறிஞராகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கும்போது, உங்கள் நன்னடத்தையை விசாரிக்கும் படிவத்தில் இதுவரை பார்த்த வேலைகளை எழுத வேண்டும். சட்டத் தொடர்பான வேலை என்றால் சம்பளமில்லாததையும் எழுதச் சொல்வார்கள். எழுதினால் தேதிகளை ஐ-20யோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறைத்தால் அது அனுமதியில்லாத வேலையைவிடப் பெரிய குற்றம், வழக்கறிஞராகப் போகிறவர் பொய் எழுதினார் என்று ஆகும். இரண்டு வாரச் சும்மா வேலைக்கு இது தேவையா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தகுதி இருக்கிறதா? சிபிடிக்கு முதலில் ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேர மாணவராகப் படித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் சேர்ந்து மே மாதம் இரண்டாம் செமஸ்டர் முடித்தால் ஒரு கல்வியாண்டு ஆயிற்று, 12 மாதம் ஆக வேண்டியதில்லை. ஆகவே முதலாண்டு முடிந்த கோடையிலேயே நீங்கள் வாங்கலாம். கோடையில் முழுநேரமாகப் படிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, அது உங்கள் விடுமுறைதான். ஒரே ஒரு கிரெடிட்டுக்குப் பதிவு செய்தால்கூடப் பல கல்லூரிகளில் போதும்.

அந்த ஒரு கிரெடிட்டுக்குக் காசு கேட்பார்கள். இதுதான் எரிச்சலான பகுதி. தனியார் சட்டக் கல்லூரிகளில் ஒரு கிரெடிட் 2,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். சம்பளமில்லாத வேலையைப் பார்க்க நாமே பணம் கட்டுவது என்ன நியாயம் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. சில கல்லூரிகள் கோடை வேலையை அடுத்த இலையுதிர்ப் பருவத்தில் எடுக்கும் ஒரு சிறு பாடத்தோடு இணைத்துவிடும். அப்போது கோடைக் கட்டணம் தனியாக வராது, வழக்கமான செமஸ்டர் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். நீங்களே போய்க் கேளுங்கள். கேட்க வேண்டியது எக்ஸ்டர்ன்ஷிப் இயக்குநரை. டி.எஸ்.ஓ.வுக்கு விதி தெரியும், உங்கள் சட்டக் கல்லூரியில் எந்தப் பாடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்களில் அவர் உட்கார்ந்திருப்பதே வேறு கட்டடத்தில், பெரும்பாலும் பொறியியல் மாணவர்களுக்கு நடுவில்.

கிரெடிட் வாங்குவதென்றால் வேலை மட்டும் பார்த்தால் போதாது. வகுப்போ பேராசிரியரோடு முறையான சந்திப்போ இருக்கும். மேற்பார்வையிட உரிமம் பெற்ற ஒரு வழக்கறிஞர் இருக்க வேண்டும். மணிக்கணக்கு எழுத வேண்டும், வாரம் ஒரு குறிப்பேடு எழுத வேண்டும். "என்ன கற்றேன்" என்று வாரா வாரம் எழுதுவது முதலில் சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் பாடத்திட்டத்தின் அங்கம் என்ற வாதத்தைத் தாங்கி நிற்பதே அந்தக் காகிதங்கள்தான். நாளைக்கு எச்-1பி என்ற வேலை விசாவுக்கான மனுவில் யுஎஸ்சிஐஎஸ் பழைய சிபிடியைப் பற்றிக் கேள்வி எழுப்பினால், பாடத்தின் திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலில் அந்தக் கிரெடிட் வந்திருப்பதையும்தான் எடுத்துக் காட்டுவோம்.

எங்கே வேலை என்பதிலும் ஒரு கண் வையுங்கள். மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகங்கள் குடிமக்களைத்தான் எடுக்கும், அங்கே சிபிடி கையில் இருந்தும் பலனில்லை. மாநில நீதிமன்றங்கள், இலவச சட்ட உதவி அமைப்புகள், நிறுவனங்களின் சட்டப் பிரிவுகள் எல்லாம் திறந்தே இருக்கும். கல்லூரிக்குள்ளேயே பேராசிரியருக்கு ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் சிபிடியே வேண்டாம். வளாக வேலை என்று அதற்குத் தனி விதி, செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை பார்க்கலாம், விடுமுறையில் முழுநேரமும் பார்க்கலாம். முதலாண்டுக் கோடையில் எதுவும் அமையாதவர்களுக்கு இது ஒன்றும் மட்டமான வழி இல்லை. பின்னாளில் ஒரு நல்ல பரிந்துரைக் கடிதம் அங்கிருந்துதான் வரும்.

இப்போது பெரிய கணக்கு. சீனியர்கள் யாராவது "சிபிடி தலைவலி எதற்கு, ஓபிடியை முன்கூட்டியே எடுத்துக்கொள்" என்று சொல்லியிருப்பார்கள். ஓபிடி என்பது பட்டம் முடித்தவுடன் 12 மாதம் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி. படிக்கும்போதே அதில் கொஞ்சம் வெட்டி எடுத்துச் செலவழிக்கலாம், அதற்குக் கிரெடிட்டும் வேண்டாம். யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு ஐ-765 விண்ணப்பமும் கட்டணமும் அனுப்பி அட்டைக்காகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் செலவழித்தது திரும்பி வராது. கணினி படிப்பவர்களுக்கு 24 மாத ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான) நீட்டிப்பு உண்டு, இரண்டு மாதம் போனால் அவர்கள் கவலைப்பட மாட்டார்கள். ஜே.டி.க்கும் எல்.எல்.எம்.முக்கும் அது கிடையாது. உங்கள் கையில் இருப்பது மொத்தமே 12 மாதம்.

ஒரு நாட்காட்டியை வைத்துப் பார்ப்போம். உங்கள் படிப்பு முடியும் நாள் மே 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓபிடி அதிலிருந்து 60 நாளுக்குள் தொடங்கியாக வேண்டும், அதாவது கடைசித் தேதி ஜூலை 14. பார் தேர்வு ஜூலை கடைசியில். தொடங்கிய பிறகு மொத்தம் 90 நாள் வரை வேலையில்லாமல் இருக்கலாம், அது அக்டோபர் 12 வரை போகும். பெரிய நிறுவனங்கள் புதியவர்களைச் செப்டம்பர், அக்டோபரில்தான் சேர்ப்பார்கள், அதனால் நூலிழையில்தான் தப்பிக்கிறோம். (தப்பிக்காதவர்கள் பார் தேர்வு முடிந்ததும் ஒரு சட்ட உதவி அமைப்பில் வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் சம்பளமில்லாமல் சேர்ந்துகொள்வார்கள். அந்த நாட்கள் வேலையில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும்.) 12 மாதமும் முழுசாக இருந்தால் அனுமதி அடுத்த ஜூலை வரை ஓடும். எச்-1பி குலுக்கல் பதிவு மார்ச்சில் நடக்கும், தேர்வானால் ஏப்ரலிலிருந்து மனுப் போடலாம், வேலை அக்டோபர் 1இல் தொடங்கும். ஏப்ரலில் மனுப் போடும்போது ஓபிடி உயிரோடு இருந்தால், இடைப்பட்ட மாதங்களிலும் வேலையைத் தொடரலாம். இந்த ஏற்பாட்டுக்கு கேப்-கேப் என்று பெயர். தமிழில் எழுதினால் ஏதோ எதுகை மாதிரி இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள், cap என்றால் வரம்பு, gap என்றால் இடைவெளி.

இதே ஆள் இரண்டு கோடையிலும் பத்துப் பத்து வாரம் ஓபிடியைச் செலவழித்திருந்தால்? மீதி 32 வாரம். ஜூலை 14இல் தொடங்கினால் பிப்ரவரி 23 வாக்கில் தீர்ந்துவிடும். ஏப்ரலில் மனுப் போடும் நேரத்தில் அவர் ஓபிடி முடிந்ததும் கிடைக்கும் 60 நாள் அவகாசத்தில் உட்கார்ந்திருப்பார். நாட்டில் இருக்கலாம், அக்டோபர் வரை வேலை பார்க்க முடியாது. ஏழு மாதம் நாற்காலியைக் காலியாக வைத்திருக்கும் முதலாளி எத்தனை பேர்? சிபிடியின் ஒரு கிரெடிட் கட்டணம் வலிக்கும்தான், ஆனால் அந்தப் பணம் வாங்கித் தருவது இந்த ஏழு மாதத்தை.

சிபிடிக்கும் ஒரு வரம்பு உண்டு. முழுநேரச் சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி போய்விடும். வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் என்றால் முழுநேரம். 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் பகுதிநேரம், அது இந்தக் கணக்கில் சேராது. சட்ட மாணவர் இந்த வரம்பைத் தாண்டுவது அபூர்வம். முதல் கோடை 10 வாரம், இரண்டாம் கோடை 12 வாரம், நடுவில் ஒரு முழு செமஸ்டர் எக்ஸ்டர்ன்ஷிப் 15 வாரம் என்றே வைத்தாலும் 37 வாரம்தான். இதை நினைத்துப் பயந்து முழுநேர வேலையைப் பகுதிநேரம் என்று எழுதச் சொல்லாதீர்கள். அப்படி எழுதினால் இருபதுக்கு மேல் பார்த்த ஒவ்வொரு மணி நேரமும் அனுமதியற்ற வேலையாகிவிடும்.

தோழிக்கு வருகிறேன். எல்.எல்.எம். ஒன்பது மாதப் படிப்பு. ஒரு கல்வியாண்டு முடிந்தால்தான் சிபிடி, அந்த ஆண்டு முடியும்போது படிப்பே முடிந்துவிடுகிறது. ஆக, வழக்கமான எல்.எல்.எம். மாணவருக்குச் சிபிடி என்பது கண்ணாடிக்குள் இருக்கும் பலகாரம். அமெரிக்காவிலேயே வேறு பட்டத்தை எஃப்-1இல் முடித்து இடைவெளி இல்லாமல் வந்தவருக்கு அந்தப் பழைய ஆண்டு கைகொடுக்கலாம், அதை டி.எஸ்.ஓ.விடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு முதல்நாளே சிபிடி தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குப் போய் இன்னொரு பட்டத்தில் சேர்வது வேண்டாத வேலை. உடனடிப் பயிற்சியை உண்மையிலேயே கட்டாயமாகக் கேட்கும் முதுநிலைப் படிப்புக்கு விதியில் விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கை வியாபாரமாக்கியவர்களிடம் படித்தவர்களின் மனுக்களைத்தான் பின்னால் துருவிப் பார்க்கிறார்கள்.

அவருக்கு நல்ல வழி கிளினிக். கல்லூரியே நடத்தும் சட்ட உதவி மையத்தில், பேராசிரியரின் மேற்பார்வையில், நிஜக் கட்சிக்காரருக்காக வேலை பார்ப்பது. அது கல்லூரிக்குள் நடக்கும் ஒரு பாடம், சம்பளம் கிடையாது, சாதாரணமாகச் சிபிடி கேட்க மாட்டார்கள். நியூயார்க் பார் எழுதப் போகிறார் என்றால் இன்னொரு லாபமும் இருக்கிறது. அங்கே 2015 ஜனவரியிலிருந்து, உறுப்பினராகச் சேர 50 மணி நேர இலவசச் சட்டப்பணி காட்ட வேண்டும், எல்.எல்.எம். படித்து வருபவர்களுக்கும் அது உண்டு. கிளினிக் நேரம் அதில் சேரும். அமெரிக்காவில்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. எல்.எல்.எம். தொடங்குவதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் மதுரையிலோ சென்னையிலோ தகுந்த வழக்கறிஞர் மேற்பார்வையில் ஏழைகளுக்குச் செய்த பணியையும் சான்றோடு காட்டலாம். இதைத் தெரிந்து வருபவர்கள் குறைவு.

தோழி ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வந்திருந்தால் கதையே வேறு. அங்கே அகடமிக் டிரெயினிங் என்ற அனுமதி உண்டு. ஒரு கல்வியாண்டு காத்திருக்க வேண்டியதில்லை, கிரெடிட்டும் வேண்டாம், விசாவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் அலுவலர் எழுதித் தந்தால் போதும். ஆனால் எத்தனை மாதம் படித்தாரோ அத்தனை மாதம்தான், அதிகபட்சம் 18. ஒன்பது மாத எல்.எல்.எம்.முக்கு ஒன்பது மாதம். சொந்தப் பணத்தில் மட்டும் படிப்பவருக்கு ஜே-1 கிடைக்காது. அரசுப் பணத்தில் வந்தவருக்கு, முடிந்ததும் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும். குறிப்பிட்ட துறைகளில் படிப்பவர்களையும் அதில் சேர்க்கும் துறைப் பட்டியல் காரணமாக அந்த நிபந்தனை வந்துகொண்டிருந்த நாடுகளிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள், அது ஒரு நிம்மதி.

பணம் வரும் வேலையாக இருந்தால் இரண்டு சின்ன விஷயம். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு, வேலை தொடங்க இன்னும் 30 நாளுக்கு மேல் இருக்கும்போதே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம், வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும் வரை, பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடம், எஃப்-1 மாணவரின் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் கிடையாது. சிறிய அலுவலகங்களுக்கு இது தெரியாது, 7.65 சதவீதம் பிடித்துவிடுவார்கள். முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துச் சொல்லிவிடுங்கள். இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவால் இன்னொரு சலுகையும் உண்டு, மற்ற நாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காத நிலைக்கழிவு நமக்குக் கிடைக்கும்.

இப்போது அந்த அலுவலகத்துக்கு என்ன பதில் எழுதுவது? "அனுமதி தேவைப்படும், ஆனால் அதை என் கல்லூரியே தரும், உங்களுக்குச் செலவில்லை, நீங்கள் எந்த மனுவும் போட வேண்டாம்" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். விசா என்ற சொல்லைக் கேட்டதும் சின்ன அலுவலகங்கள் மிரண்டு பின்வாங்குவது ஸ்பான்சர் செய்யச் சொல்கிறார்களோ என்ற பயத்தில்தான். அடுத்து, அலுவலகத் தாளில் ஒரு கடிதம் கேளுங்கள். அலுவலக முகவரி, மேற்பார்வை வழக்கறிஞர் யார், என்ன வேலை, வாரம் எத்தனை மணி நேரம், சம்பளம் உண்டா இல்லையா, தொடங்கும் நாள், முடியும் நாள் அதில் இருக்கட்டும். இலவச வழக்குகளில்தான் உங்களைப் போடுவார்கள் என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். கடிதம் வந்ததும் எக்ஸ்டர்ன்ஷிப் அலுவலகம், பதிவு, அதன்பின் டி.எஸ்.ஓ. என்ற வரிசையில் போங்கள். ஏப்ரலில் தொடங்கினால் மே கடைசிக்குள் ஐ-20 கையில் இருக்கும். மே மாதம் தேர்வு முடிந்து தொடங்கினால் ஜூன் பாதி வீட்டில்தான்.

முடியும் நாளைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசித்துப் போடச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவரின் ஐ-20 ஜூலை 31இல் முடிந்தது. "இந்த மனுவை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போ" என்று மூத்த வழக்கறிஞர் கேட்க, ஆகஸ்ட் 8 வரை போயிருக்கிறார். 10ஆம் தேதி நீட்டிப்புக் கேட்டு வந்தார். அந்த எட்டு நாளை யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை, ஜூலை 29இல் வந்திருந்தால் பத்து நிமிட வேலை. ஜூலை 31இல் முடியும் என்று அவர்கள் சொன்னால், செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பாக எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அந்தத் தேதியைக் கடிதத்தில் போட வைத்துவிடுங்கள். சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பினால் யாரும் கேட்கப் போவதில்லை, டி.எஸ்.ஓ.வுக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.